கண்ணாடி ஓட்டைக் கழுவுகிறவர்கள்

செங்கோட்டைப் பக்கம் சாரல் தொடங்குவதற்கு முன், வைகாசி மாதத்தில், ஓட்டு வீட்டுக்காரர்கள் ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நழுவின ஓட்டை நகர்த்த, உடைந்ததை மாற்ற, செல்லரித்த ரீப்பரைப் பார்க்க. கூடவே கண்ணாடி ஓட்டைக் கழுவ. இந்தக் கடைசி வேலையைப் பார்ப்பதற்காகவே, ஓடு மாற்றும் அண்ணாச்சி ஒருவரோடும் அவர் மருமகனோடும் விடிந்ததும் ஓர் ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

வெயில் ஏறுமுன் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். "காஞ்ச கண்ணாடியில பச்சத்தண்ணி பட்டா கீறல் விட்டுரும் சார்" என்றார் அண்ணாச்சி.

ஏணியை வைத்த பிறகும் அவர் ஏறவில்லை. நேரே அடுப்படிக்குள் போய் அண்ணாந்து நின்றார். பாசி மூடிவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடி ஓடும் மண் ஓடும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாற்றி மிதித்தால் ஆள் அடுப்படிக்குள் விழவேண்டியதுதான். முகட்டிலிருந்து எத்தனையாவது வரி, சுவரிலிருந்து எத்தனையாவது ஓடு என்று எண்ணி மருமகனிடம் சொன்னார். அவனைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். "மேல போன பொறவு கண்ண நம்பாதல, எண்ணிக்கைய நம்பு."

கூரையில் மூங்கில் ஏணியைப் படுக்கவைத்து அதன்மேல்தான் நகர்கிறார்கள். ஓட்டின் நடுவில் கால் படக்கூடாது. ஓட்டின்மேல் ஓடு ஏறுகிற, அடியில் ரீப்பர் தாங்குகிற இடம் பார்த்து மிதிக்க வேண்டும். இரண்டு ஓட்டை விலக்கிக் கைமரத்தில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை மருமகன் இடுப்பில் முடிந்தார். தனக்குக் கட்டிக்கொள்ளவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அனுபவம் காலை வழுக்காமல் வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கீழே இறங்கி வந்த கண்ணாடி ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேல்முகத்தில் பச்சைப் பாசி, அதன்மேல் கரும்புழுதி. அடிமுகத்தில் தாளிப்புப் புகையும் எண்ணெயும் கலந்து பழுப்பாய்ப் பிசுபிசுத்தது. மேல் ஓடு மூடியிருந்த சில விரல் அகலம் மட்டும் பளிச்சென்று, அச்சிலிருந்து எடுத்த அன்று இருந்ததுபோல் இருந்தது.

1865ல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியது இந்தக் கூரையின் சீமை ஓடு. ஒன்றின் காடியில் மற்றொன்று கவ்விக்கொள்ளும். கண்ணாடி ஓடும் அதே அளவில் வார்க்கப்பட்டதால் மரத்தை வெட்டாமல், கூரையைக் கலைக்காமல், எந்த ஓட்டின் இடத்திலும் அதை மாட்டிவிடலாம். பகலில் விளக்கே வேண்டாத அடுப்படி இத்தனை எளிதாகக் கிடைத்ததை நினைத்தால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சீயக்காய்த்தூளைக் குழைத்து அடிமுகத்தில் பூசி ஊறவைத்தார்கள். பிறகு தேங்காய் நார். மணலோ கம்பி நாரோ கிட்டவே வரக்கூடாது. அவை விட்ட கீறலில்தான் அடுத்த சாரலுக்குப் பாசி பிடிக்கும். அண்ணாச்சி அதிக நேரம் செலவழித்தது கண்ணாடிப் பரப்பில் அல்ல, ஓரக் காடிகளில். தென்னை ஈர்க்கால் அழுக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். காடி அடைத்தால் மழைத்தண்ணீர் வழிந்தோட வழியில்லாமல் ஏறி உள்ளே சொட்டும். வீட்டுக்காரர்களோ கண்ணாடிதான் ஒழுகுகிறது என்று நினைத்துச் சுற்றிலும் சிமெண்டை அப்பிவிடுவார்கள். இங்கேயும் யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். அதைக் கத்தி முனையால் துணுக்குத் துணுக்காகப் பெயர்க்கவே காலைப்பொழுது பெரும்பாலும் போய்விட்டது. சிமெண்டு பூசியபின் எளிதில் கழற்றவும் முடியாது, கழற்றாமல் அடிமுகத்தைச் சுத்தமாகக் கழுவவும் முடியாது.

இத்தனை வேலைக்கும் பெரும்பாலான வீடுகளில் தனிக் கூலி கிடையாது. "ஓடு மாத்தும்போது அதையும் ஒரு துடை துடைச்சிருங்க" என்பார்களாம். அது நியாயமே இல்லை. கூரை வேலையிலேயே மிகுந்த கவனமும் ஆபத்தும் உள்ள பகுதி இதுதான். ஆச்சி மட்டும் கண்ணாடி ஓட்டுக்குத் தனியாக எண்ணிக் கொடுத்தார்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்காரர் காத்திருந்தார். கண்ணாடி ஓட்டை எடுத்துவிட்டுப் போட்ட ஃபைபர் ஷீட் வெயிலில் மஞ்சளித்து மங்கிவிட்டதாம். பழையபடி கண்ணாடியே வேண்டுமாம். அண்ணாச்சி அளவு பார்த்துக்கொண்டு, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைக்கு மருமகனைச் சைக்கிளில் அனுப்பினார்: "காடி உடையாததாப் பாத்து எடுல, விலை பொறவு பேசிக்கலாம்."