வெள்ளீயமும் காரீயமும்

மீக்கடத்திகள் பற்றிய கட்டுரை ஒன்றை நண்பர் தமிழாக்குகிறார். கலைச்சொற்களைப் பார்க்கும் பொறுப்பு மொழியியல் படித்த எனக்கு. ‘ஈயம்’ என்ற சொல்லில் இருவரும் நின்றுவிட்டோம்.

இரு மீக்கடத்திகளுக்கிடையே மெல்லிய மின்காப்புப் படலம் இருப்பினும், மின்னழுத்தமே இன்றி மின்னோட்டம் பாயும் என்று 1962இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவர் பிரையன் ஜோசப்சன் கணித்தார். அப்போது அவருக்கு வயது 22. மறு ஆண்டே ஆண்டர்சனும் ரோவலும் பெல் ஆய்வகத்தில் அதைக் கண்ட சந்தியின் ஒருபுறம் வெள்ளீயம், மறுபுறம் காரீயம். இரண்டையும் வெறுமனே ‘ஈயம்’ என்றெழுதினால் ஒரே உலோகம் என்றாகிவிடும். வெள்ளீயம் 3.7 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தி; காரீயத்துக்கு அவ்வரம்பு 7.2. இடைப்பட்ட வெப்பநிலையில் காரீயம் மீக்கடத்தியாகவே இருந்தும் அம்மின்னோட்டம் பாயாது. உச்ச மின்னோட்டம் இருபுறத்து ஆற்றல் இடைவெளிகளையும் எவ்வாறு சார்ந்தது என்பதை 1963இல் வகுத்த இருவருள் ஒருவர் வினய் அம்பேகாவ்கர்.

பழைய இலத்தீனும் இவ்விரு உலோகங்களை வெள்ளை, கருமை என்னும் அடைகளால்தான் பிரித்தது. அத்திபெலேயில் எங்கள் வீட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். செய்தித்தாளில் ‘ஈய நஞ்சு’ என்றால் காரீயம். (சொம்பைக் கண்டு அஞ்சும் மாணவர்களை அறிவேன்.) பக்கத்து வீட்டுக் கன்னடத்திலோ தவர, சீஸ என இரு தனிச் சொற்கள்; அங்கே இந்தக் குழப்பம் எழ வழியில்லை.

‘டின்’, ‘லெட்’ என்றே எழுதிவிடலாம் என்கிறார் நண்பர். எனக்கு உடன்பாடில்லை. அடைமொழியை ஓரிடத்திலும் விடாமல், ‘வெள்ளீயம்–காரீயம் சந்தி’ என்றே எழுதக் கேட்டிருக்கிறேன்.