கவாத்தில் தொடங்கும் சுவை

பிரான்சின் தென்மேற்கில், ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரை நெடுக நீளும், போர்தோ ஒயினுக்கான திராட்சை விளையும் மெடோக் பகுதியைக் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பேன். செப்டம்பர் அறுவடையின் ஆரவாரத்தில் பழமும் மாளிகையும் கண்ணை நிறைத்துவிடும். ஜனவரியில் இலையுதிர்ந்த கொடிகளுக்கு நடுவே குனிந்து நிற்கும் ஆட்கள் மட்டுமே தெரிவார்கள். அது கவாத்துக் காலம். பெயர்பெற்ற பண்ணைகளில் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகள் வரை நிற்கின்றன. ஒவ்வொரு கொடியின் முன்னும் குனிந்து, சென்ற ஆண்டுக் கிளைகளில் இரண்டை மட்டும் நிறுத்தி, அவற்றில் எத்தனை கணு விடலாம் என்று கணக்கிட்டு, மற்றதை வெட்டித் தள்ள வேண்டும். ஒரு வெட்டு தவறினால் கொடிக்குள் காளான் நோய் இறங்கும். இருபது முப்பது ஆண்டு முதிர்ந்த போர்தோ சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் மண்ணைச் சொல்கிறார்கள், விளைந்த ஆண்டைச் சொல்கிறார்கள், பண்ணைப் பெயரைச் சொல்கிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த ஒயின் முதுமையைத் தாங்கி நிற்பது இந்தக் கைகளின் தொடர்ச்சியான முடிவுகளால். அவற்றை அறியாமல் சுவைப்பது பாதி ரசனைதான் என்பது இந்தக் களத்தைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

முதிர்ந்த ஒயினில் முதலில் கவனிக்க வேண்டியது துவர்ப்பு. மெடோக்கின் முதன்மை ரகமான கபர்னே சோவின்யோன் சிறிய பழம், தடித்த தோல். தோலிலும் விதையிலும் துவர்ப்புத் தரும் டானின் மிகுதி. கடுக்காயை மென்றால் வாய் இறுகுமே, அப்படித்தான் இளம் ஒயின் இறுக்கும். குப்பிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கையில் டானின் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து பெருத்து, கரைந்து நிற்க முடியாமல் ஒரு பகுதி அடியில் படிகிறது. நாவற்பழ நிறம் மங்கி, கிண்ணத்தைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரிவதும் இதனோடு சேர்ந்த மாற்றமே. பழ மணம் பின்வாங்க, தேவதாரு, புகையிலை, பதனிட்ட தோல், மழை ஓய்ந்த காட்டின் இலைச்சருகு என வேறு மணங்கள் மேலெழுகின்றன. தெளிந்த மதுவுக்குத் தமிழில் தேறல் என்று ஒரு பழம்பெயர் உண்டு. தெளிவதும் முதிர்வதும் ஒரே வினைக்குள் அடங்கும் அந்தச் சொல் இந்த ஒயினுக்கு அத்தனை பொருத்தம். ஆனால் எல்லா ஒயினும் தேறுவதில்லை. பெரும்பாலானவற்றைச் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழச்சுவை வற்றிப் புளிப்புதான் மிஞ்சும். தேறுவதற்குத் தொடக்கத்திலேயே செறிவும் முற்றிய டானினும் இருக்க வேண்டும். ஒரு கொடி எத்தனை குலை சுமக்கும் என்பது கவாத்தில் முடிவாகிறது. குலைக்கு எவ்வளவு வெயில் படும் என்பது கோடையில் இலை கிள்ளும் கையில் இருக்கிறது. பழுக்காத காயையும் காம்பையும் பொறுக்கி எறிகிறவர் பச்சைத் துவர்ப்பு தொட்டிக்குள் போகாமல் தடுக்கிறார்.

கைகளின் பங்குக்கு, ஒயின் முதிரும் பீப்பாயைச் செய்யும் பட்டறையில் இன்னும் வலுவான சான்று கிடைக்கிறது. மத்திய பிரான்சின் துரோன்சே காட்டை 1670இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் கடற்படைக் கப்பல்களுக்காகச் சீர்செய்தார்; கப்பலுக்கென்று பேணிய ஓக் காடு இன்று ஒயினுக்குப் பீப்பாய் தருகிறது. பிரெஞ்சு ஓக்கை வாளால் அறுத்துப் பலகையாக்கினால் பீப்பாய் கசியும். மரத்தின் இழையோட்டம் பார்த்துப் பிளக்க வேண்டும், அதில் மரத்தின் பெரும்பகுதி கழிவாகப் போனாலும். பிளந்த பலகைகள் இரண்டு மூன்று ஆண்டு வெட்டவெளியில் மழையும் வெயிலும் பட்டுக் காரம் தணிகின்றன. பிறகு பலகைகளை வளையத்துக்குள் நிறுத்தி, நடுவே ஓக் துண்டுகளால் தீ மூட்டி, ஈரத்துணியால் தடவித் தடவி வளைக்கிறார்கள். பலகைகளை ஒட்டப் பசை இல்லை. வளைந்தபின் உட்புறத்தை மேலும் வாட்டுவதில்தான் தச்சரின் தேர்ச்சி. வாட்டம் குறைந்தால் பச்சை மரம் மணக்கும், மிஞ்சினால் கரி மணக்கும். பல ஆண்டுக்குப்பின் கிண்ணத்தில் எழும் மென்மையான புகைமணத்தில் அந்த வாட்டலுக்கும் பங்குண்டு. இப்படி உருவான பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். 300 குப்பி ஒயின்.

நிலவறையில் நடப்பது அதைவிடப் பொறுமையான வேலை. மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவதால் பீப்பாயில் வெற்றிடம் விழாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய முறைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். வழியும் ஒயினைக் கிண்ணத்தில் பிடித்து மெழுகுவத்திச் சுடரின் முன் தூக்கிப் பார்த்து, கலங்கல் தெரிந்த கணமே நிறுத்துவார் நிலவறைத் தொழிலாளி. மிஞ்சிய முரட்டுத் துவர்ப்பைப் பிடித்திறக்கப் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றும் வழக்கம் இன்றும் பல பண்ணைகளில் உண்டு. இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தக் குப்பியைத் திறந்து வேறு கலத்துக்கு மாற்றும் பரிசாரகரும் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியை வைத்து, மண்டி வரும் நேரம் பார்த்து நிறுத்துகிறார். நிலவறையில் செய்ததும் மேசையில் செய்வதும் ஒரே கைப்பாடம்.

கைகளை இப்படி முன்னிறுத்துவதற்கு வரும் முதல் மறுப்பு மண் பற்றியது. மெடோக்கின் சரளை மேடுகள் நீரை வடித்து, வெப்பத்தைச் சேர்த்து வைத்துப் பழத்தை முற்றவைக்கின்றன. மனிதர்கள் அந்த வரத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவே என்பார்கள். சரளையின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கும்வரை மெடோக்கின் பெரும்பகுதி சதுப்பு நிலம். அந்த மண்ணே மனிதர்கள் மீட்டெடுத்ததுதான். 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்துச் சுவைத்த போட்டியில் கலிபோர்னியச் சிவப்பு ஒயின் ஒன்று முதலிடம் பெற்றது. பிரெஞ்சு ஒயின் முதிரட்டும், அப்போது தெரியும் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. 2006இல் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின. முதுமை தாங்கும் ஒயினைச் செய்ய மெடோக்கின் மண்தான் வேண்டும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இரண்டாம் மறுப்பு சுவைத்தல் என்பதையே சந்தேகிக்கிறது. 2001இல் வெளிவந்த போர்தோ ஆய்வில், ஒயினியல் பயிலும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை எழுதினார்கள். இது பொய்யல்ல, கவனத்தில் கொள்ள வேண்டிய சான்று. கண் சொல்வதை மூக்கு கேட்கிறது. மணத்துக்கு நாம் வைக்கும் பெயர்கள் நம்பத்தகாதவை. ஆனால் துவர்ப்பு உறுத்துகிறதா கரைகிறதா, விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, தக்கை கெட்டு ஈரப் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்பவை பெயர் சூட்டும் விவகாரம் அல்ல. அவை அந்த ஒயினுக்கு நேர்ந்தவற்றைச் சொல்பவை. உவமைகளை அடுக்கும் ரசனையைவிட இவற்றைக் கவனிக்கும் ரசனை நேர்மையானது என்று நினைக்கிறேன். தொழில்முறைச் சுவைஞர்கள் வாயில் புரட்டியபின் துப்பிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மது உடலுக்குத் தீங்கு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இந்தக் கட்டுரை யாரையும் குடிக்க அழைக்கவில்லை.

போர்தோவின் பெரும்பரப்பில் இன்று இயந்திரமே அறுவடை செய்கிறது, இனி கைவேலை எதற்கு என்று கேட்கலாம். நெடுங்காலம் முதிரவென்று செய்யும் பண்ணைகள் பெரும்பாலும் இன்றும் கையால் பறிக்கின்றன என்பதே பதில். அப்படிப் பறிப்பவர்களின் நிலைமைதான் என்னை அதிகம் வருத்துகிறது. கொடியின் காளான் நோய்க்குத் தெளித்த சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சை பிரான்ஸ் 2001இல்தான் தடைசெய்தது. அதுவரை அதன் அருகில் நின்றவர்கள் இந்தத் தொழிலாளிகளே. மெடோக் முனையிலிருந்து திராட்சை நிலங்கள் வழியாக உள்நாடு நோக்கி வளையும் பகுதியை 'வறுமைத் தாழ்வாரம்' என்று அழைக்கிறார்கள். 1855இல் தரகர்கள் விலை பார்த்து வகுத்த தரவரிசையில் பண்ணைப் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன; 1973இல் மூத்தோன் என்ற பண்ணை முதல் தரத்துக்கு ஏறியதைத் தவிர அதன் உச்சியில் எதுவும் மாறவில்லை. அந்த உச்சிக்கு வெகு கீழே, விற்காத ஒயினால் நொடித்த சிறு உழவர்கள் தங்கள் கொடிகளைப் பிடுங்க ஹெக்டேருக்கு 6000 யூரோ தரும் திட்டம் 2023இல் வந்தது. முதிர்ந்த ஒயினை மதிப்பவர்கள் ஒரு குப்பியைப் பற்றி எழுதும்போது பண்ணையின் பெயரோடு அங்கே கவாத்து செய்கிறவர்கள் நிரந்தரப் பணியாளர்களா, பருவக் கூலிகளா என்பதையும் கேட்டு எழுத வேண்டும். இந்த ஜனவரியில் வெட்டப்படும் கொடியின் ஒயின் பதத்துக்கு வரும்போது, இன்று கத்தரி பிடித்திருப்பவர்களில் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள்.