மருந்தும் துவாவும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ஏர்வாடி தர்காவைச் சுற்றி இருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓடக்கூட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள்.

அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மனநல மருத்துவரே இல்லாத ஊர்க்காரர்களுக்குக் கதவு திறந்திருந்தது தர்காவில்தானே?

பின்னாளில் அந்தத் தர்காவிலேயே அரசு மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். துவா என்னும் பிரார்த்தனையும் உண்டு, மாத்திரையும் உண்டு. நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரையும் விரட்டாத இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.