உபகாரமும் சம்பளமும்

என் பாட்டனார் காலத்தவர்கள் மாணவனுக்குக் கிடைக்கும் உதவித் தொகையை ‘உபகாரச் சம்பளம்’ என்பார்கள். கைம்மாறு கருதாதது உபகாரம். உழைப்புக்கு ஈடாக வாங்குவது சம்பளம். இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகின்றன என்னும் சந்தேகம், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிராந்தியத்தில் நான்காம் வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த எனக்கு, 2020-ஆம் ஆண்டுக் கொரோனா காலத்தில்தான் உதித்தது.

வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி நான் பெற்றுவந்த தொகையில் வருமான வரி பிடித்தம் செய்யப்பட்டபடியால், அதைச் சம்பளம் என்றே எண்ணியிருந்தேன். வருஷத்தில் ஒன்பது மாதமே அது வரும்; கோடையின் மூன்று மாத ஜீவனத்துக்கு நூலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ ஒரு வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும்; மாணவ விசாவில் வந்தவன் தனி அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை பார்ப்பதோ சட்டவிரோதம். அந்த மார்ச் மாதத்தில் வளாகமே பூட்டப்பட்டது. ஊருக்குத் திரும்பலாமென்றால், 22-ஆம் தேதி முதல் இந்தியா சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்திவிட்டது.

அம்மாதம் 27-ஆம் தேதி, சுமார் இரண்டு லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் அமெரிக்காவில் அமலுக்கு வந்தது. நடுத்தர வருமானக்காரர் வரை ஆளுக்கு 1,200 டாலர். வந்து ஐந்து வருஷம் முடியாத மாணவர்களாகிய எங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை. பல்கலைக்கழகங்கள் வழியாக மாணவர்களுக்கு அளித்த அவசர உதவியிலும் வெளிநாட்டாருக்கு இடமில்லையென்று கல்வித்துறை அறிவித்தது. வரி வாங்கும்போது சம்பளமாக இருந்தது, நிவாரணம் வழங்கும்போது உபகாரமாகிவிட்டது! எங்கள் துறையோ ஆய்வை முடிக்க ஓராண்டு அவகாசம் கூட்டிக்கொடுத்தது; அந்த ஓராண்டு எதைச் சாப்பிடுவது என்பதைப் பற்றி மௌனம் சாதித்தது. முழுவதும் இணையவழியில் படிப்போர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று ஜூலை 6-ஆம் தேதி பிறந்த ஆணை, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குத் தொடுக்கவே, 14-ஆம் தேதி மடிந்தது. இடைப்பட்ட இரவுகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அதற்கு முந்திய மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரரான என் அறைத்தோழர், அறியாமையால் உள்நாட்டாருக்குரிய வரிப்படிவத்தை நிரப்பியிருந்தபடியால், அவர் பெயருக்கு 1,200 டாலர் காசோலை வந்து சேர்ந்தது. எங்கள் இரண்டு மாத வாடகை! இரண்டு நாள் அது உப்பு ஜாடியின் அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில், “அண்ணாச்சி, இது நமக்குள்ளது இல்லலா” என்று சொல்லி, அதன் முதுகில் ‘செல்லாது’ என்று ஆங்கிலத்தில் எழுதி, வருமானவரி இலாகாவுக்கே திருப்பி அனுப்பினார். உறையில் ஒட்டுவதற்கான 55 சென்ட் தபால் தலையை என்னிடந்தான் கடன் வாங்கினார். அதை இன்னும் திருப்பவில்லை.