முட்டுக்காட்டில் ஒரு தறிக்குழி

என் கண்ணு சரசு,

போன்ல பேசினா நீ என்னைப் பேசவே விடமாட்டே, அதான் எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை இவருக்கு எப்படியோ மனசு வந்து, முட்டுக்காட்டு தட்சிணசித்ராவுக்குக் கூட்டிட்டுப் போனார். 1996ல திறந்ததாம், மெட்ராசுக்கு வாக்கப்பட்டு வந்த எனக்கு இப்பத்தான் பார்க்கக் கொடுத்துவச்சிருக்கு. இடிபட இருந்த பழைய வீடுகளைத் தூண், கதவு, உத்திரம்னு பிரிச்சுக் கொண்டாந்து, பழைய தொழில் தெரிஞ்ச தச்சருங்களை வச்சே மறுபடி எழுப்பியிருக்காங்க. வளாகத்துக்குப் பிளான் போட்டது லாரி பேக்கர்.

செட்டிநாட்டு வீட்டுல கூட்டம்னா கூட்டம், தேக்குத் தூணைக் கட்டிப்பிடிச்சு ஆளாளுக்கு போட்டோ. எனக்கும் ஆசைதான், ஆனா இவர் 'வெயில் ஏறுது, வெயில் ஏறுது'ன்னு பின்னாடியே நச்சரிப்பு, புதுச் செருப்பு வேற கடிச்சுத் தொலைச்சுது. புதுப்பள்ளியில இருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டுல முன்பக்கமே நெல் அறை. நம்ம ஊரு மாமியாருங்க வந்தவங்ககிட்ட முதல்ல நகையைக் காட்டுற மாதிரி!

அதெல்லாம் கிடக்கட்டும். பட்டு நெசவாளர் வீடுன்னு ஒண்ணு இருக்கு பாரு, உள்ளே கால் வச்சதும் உங்க வீட்டுக்கே வந்தாப்புல ஆயிடுச்சு. உங்கம்மா தறிக்குழிக்குள்ள காலை விட்டு மிதிச்சுக்கிட்டே நம்மளைத் தார் சுத்தச் சொல்லி அதட்டுவாங்களே, நூல் சிக்கினா நறுக்குனு ஒரு குட்டு வேற! பக்கத்துல ஒரு வாண்டு, "குழியில ஏன் உட்காரணும்?"னு கேட்டுது. அவங்கம்மா முழிச்சாங்க, நான் சும்மா இருப்பேனா? பாவு தரையோட தரையா ஓடும், மிதிக்கக் கீழே இடம் வேணும், மிதிச்சா பாதி இழை மேலே போகும், அந்த இடுக்குல நாடா பாயும்னு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சுத்தி ஏழெட்டுப் பேர் கூடிட்டாங்க, ஒரு தாத்தா என்னை அங்கே வேலை செய்யறவன்னே நினைச்சுட்டார். இவர் முகத்தைப் பார்க்கணுமே!

செட்டியார் வீட்டுக்குப் பக்கத்துலயே நெசவாளி வீட்டையும் வீடுன்னு மதிச்சு வச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா எல்லாம் அநியாயத்துக்குச் சுத்தம்டி. கஞ்சி வாசம் இல்லே. உங்கப்பா சனிக்கிழமை சனிக்கிழமை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாரே, முதலாளிகிட்ட வாங்குன முன்பணம் எழுதுன நோட்டு, அந்த மாதிரி ஒண்ணும் என் கண்ணுல படலே. அது இல்லாம என்ன தறி வீடு?

ஆமா, பவர்லூம் போட்டப்போ உங்க பழைய தறிக்கட்டைங்களை என்ன செஞ்சீங்க? அடுப்புக்குப் போயிடுச்சா, பரண்ல கிடக்கா? மறக்காம எழுது. பொங்கல் லீவுக்குப் பிள்ளைங்களோட வா, சேர்ந்தே போகலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்னிக்கு அங்கே லீவு.

உன்
வசந்தா