யாங்வாஜின் குன்றில்

சியோல் நகரத்துக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், கடைத்தெருவில் சுற்றுவார்கள். வேலைமெனக்கெட்டு ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க யாராவது போவார்களா? அவசியம் போகவேண்டும் என்பது என் கட்சி. பாதாள ரயிலில் ஏறி ஹப்ஜாங் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஹான் நதிக்கரையில் ஒரு சிறு குன்று. அதன் பெயர் யாங்வாஜின். மரநிழலில் வரிசை வரிசையாக வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். மொத்தம் 417 பேர். அவர்களில் 145 பேர் மிஷனரிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும். சில கற்களில் 1950-ல் மூண்ட யுத்தத்தின் துப்பாக்கிக் குண்டுகள் பதிந்த வடு இன்னும் இருக்கிறது.

கல்லில் பெயரும் தேதியும்தான் பொறித்திருக்கின்றன. அந்தத் தேதிகளுக்கு நடுவே இவர்கள் பட்ட பெரிய பாடு ஒன்று உண்டு. கொரிய பாஷையைக் கற்றுக்கொண்ட பாடுதான் அது!

வேத சாஸ்திரம் படித்தாயிற்று, குருப்பட்டம் வாங்கியாயிற்று, கப்பலேற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பாஷையை எங்கே போய்ப் படிப்பது? 1880 வாக்கில் கொரியா வெளியாருக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாடு. அந்நியனுக்குப் பாஷை சொல்லிக்கொடுப்பதே தலை போகிற குற்றம். ஆகவே கொரியாவுக்கு வெளியே ஒரு கொரியரைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ராஸ் பாதிரியார் மஞ்சூரியாவின் எல்லையோரம் அப்படித் தேடினார். ஆற்றைக் கடக்கும்போது சரக்கையெல்லாம் பறிகொடுத்துவிட்டுக் கையில் காசில்லாமல் தவித்த ஈ உங்-சான் என்ற வியாபாரி அகப்பட்டார் என்கிறார்கள். அவரிடம் படித்ததைக் கொண்டு ராஸ் 1877-ல் ஒரு பாலபோதினியே அச்சிட்டுவிட்டார். பிறகு கொரியர் சிலரின் துணையோடு புதிய ஏற்பாடு முழுவதையும் மொழிபெயர்த்து 1887-ல் வெளியிட்டார்.

ஹொரேஸ் அண்டர்வுட்டின் கதை இதைவிட ருசிகரமானது. இந்தக் குன்றில் அவருடைய கல்லறையைக் கட்டாயம் காட்டுவார்கள். அவர் முதலில் வர நினைத்தது எந்தத் தேசத்துக்குத் தெரியுமா? நம் இந்தியாவுக்கு! அதற்காக ஒரு வருஷம் வைத்தியம்கூடப் படித்தார். கடைசியில் கொரியா அவரை இழுத்துக்கொண்டது. 1885 ஜனவரியில் ஜப்பானிலுள்ள யோகோஹாமாவுக்கு வந்து சேர்ந்தார். விவசாய முறைகளைக் கற்க 1882-ல் ஜப்பானுக்கு வந்து, மறுவருஷம் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஈ சூ-ஜாங் என்ற கொரியக் கனவான் அங்கே இருந்தார். அவர்தான் குரு, அண்டர்வுட் சீடர். படிப்பு இரண்டே மாதம். அந்தக் கனவான் மாற்கு சுவிசேஷத்தையும் கொரிய மொழியில் பெயர்த்து வைத்திருந்தார். அதன் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு, 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜெமுல்போ துறைமுகத்தில் அண்டர்வுட் இறங்கினார். மிஷனரி வருவதற்கு முன்பே அந்த நாட்டார் ஒருவர் வேதத்தை மொழிபெயர்த்து அவர் கையில் கொடுத்தனுப்பிய விந்தையை வேறெங்கே காண முடியும்!

அந்தக் குரு 1886-ல் தாய்நாடு திரும்பினார். அதோடு சரித்திரத்தின் பார்வையிலிருந்தே மறைந்துவிட்டார். யாங்வாஜின் அந்நியருக்கான இடம். அங்கே அவருக்குக் கல்லறை இல்லை. சீடர் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், குருவை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று எனக்கு ஆதங்கமாகத்தான் இருந்தது.

கொரிய எழுத்து சுலபம். ஸேஜோங் மன்னர் 1446-ல் பிரகடனம் செய்த எழுத்து அது. இன்று 24 எழுத்துக்கள். சுறுசுறுப்பான ஆசாமி சில நாளில் கூட்டிப் படித்துவிடலாம். வாயைத் திறந்தால்தான் வம்பு. சந்திரனுக்கு ஒரு சொல், மகளுக்கு ஒரு சொல், முகமூடிக்கு ஒரு சொல்; மூன்றையும் தமிழில் எழுதினால் 'தல்' என்றுதான் எழுதவேண்டும். மெல்லச் சொன்னால் சந்திரன், தொண்டையை இறுக்கிச் சொன்னால் மகள், மூச்சை விட்டுச் சொன்னால் முகமூடி! "உங்கள் மகள் சௌக்கியமா?" என்று கேட்க நினைத்து முகமூடியைக் குசலம் விசாரித்தால் எப்படியிருக்கும்?

மரியாதை விகுதிகள் அதற்கு மேல். 'வா', 'வாருங்கள்' என்று நமக்கு இரண்டு போதும். அங்கே பெரியவர், சமவயதினர், சிறுவர் என்று ஆளுக்கு ஆள் வினைச்சொல்லின் வால் மாறும். கடவுளுக்கு என்ன பெயர் என்பதிலேயே தகராறு. ஜனங்கள் பேச்சில் வழங்கிய 'ஹானனிம்' போதும் என்றார்கள் சிலர். அது பழைய நம்பிக்கைகளின் வாசனை வீசும் பெயர் என்று அண்டர்வுட் பல வருஷம் பிடிவாதமாக எதிர்த்தார். 1894-ல் அவர் வெளியிட்ட பாட்டுப் புஸ்தகத்தில் 'யெஹோவா' என்றே போட்டார். முடிவில் ஜெயித்தது ஜனங்களின் சொல்தான்.

இன்னொரு கல்லறையின் முன் நின்றபோது மனசு கனத்துவிட்டது. ரூபி கெண்ட்ரிக் என்ற டெக்ஸாஸ் பெண். மிஷனரிப் பயிற்சியை முடித்துக்கொண்டு 1907-ல் கொரியா வந்தாள். பாஷை பிடிபடத் தொடங்கிய சமயம்; 1908 ஜூனில் வியாதி கண்டு இறந்துபோனாள். வயது 25. தனக்கு ஆயிரம் உயிர் இருந்தாலும் அத்தனையும் கொரியாவுக்கே என்று அவள் சொன்னதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தயாராவதிலேயே கழிந்துவிட்ட ஆயுசு! ஹென்றி அப்பென்ஸெல்லருக்கோ இங்கே நினைவுக்கல் மட்டும்தான். 1902-ல் வேத மொழிபெயர்ப்புக் கூட்டத்துக்காக மோக்போவுக்குப் போகும் வழியில் கப்பல் மோதிக் கடலில் மூழ்கினார். உடல் அகப்படவே இல்லை.

தமிழர்கள் ஒரு நிமிஷம் நிற்கவேண்டிய இடம் ஹோமர் ஹல்பர்ட்டின் சமாதி. 1886-ல் ராஜாங்கப் பள்ளி ஆசிரியராக வந்த இவர், கொரிய பாஷையையும் நம் திராவிட பாஷைகளையும் ஒப்பிட்டு 1905-ல் ஒரு இலக்கணம் எழுதினார். கொரியக் குழந்தையும் தகப்பனை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறது. அதைக் கேட்கிற தமிழனுக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலார் ஒப்புக்கொள்வதில்லை. கிழவரான பிறகு 1949-ல் கொரியாவுக்குத் திரும்பி வந்தவர், வந்த ஒரு வாரத்திலேயே காலமானார்.

இப்போது படிப்பு எவ்வளவோ சௌகரியம். ஹப்ஜாங்கிலிருந்து இரண்டாவது நிலையம் சின்சோன். அங்குள்ள யோன்ஸே சர்வகலாசாலையில் 1959 முதல் வெளிநாட்டாருக்குக் கொரியம் கற்பிக்கிறார்கள். அந்தக் கலாசாலையின் மூல புருஷரும் நம் அண்டர்வுட்தான். அமெரிக்காவில் பிராவோ என்ற ஊரில் மார்மன் சபையார் நடத்தும் பயிற்சிச் சாலையில் இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் கொரியம் படித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

யாங்வாஜினுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குன்று, ஜல்துசான். 'தலை வெட்டும் மலை' என்று அர்த்தம். 1866-ல் கத்தோலிக்கர்கள் பலரை அங்கே வெட்டினார்கள். அந்த வருஷம் தப்பிப் பிழைத்த பிரெஞ்சுப் பாதிரியார் ரிடெல் முன்னின்று உருவாக்கிய கொரிய-பிரெஞ்சு அகராதி, 1880-ல் யோகோஹாமாவில் அச்சாயிற்று. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் கைவிளக்கு. இரண்டு குன்றுகளையும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்; கல்லறைத் தோட்டத்தைத் திறக்கமாட்டார்கள்.