கீழ்வீட்டுக்காரர் கேட்கும் தரை

டொரொன்டோவின் ஸ்காபரோவில் பழைய அடுக்குமாடி வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் முதலில் கழற்றி எறிய நினைப்பது கார்ப்பெட்டைத்தான். காரணம் நியாயமானது. தூசி சேர்கிறது, பிள்ளைக்கு இழுப்பு வருகிறது, ஒரு கரண்டி மீன்குழம்பு சிந்தினால் கறை ஆயுசுக்கும் போவதில்லை. குடும்பமே கடைக்குப் போய் லேமினேட் பலகைகளைத் தடவிப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தரையின் சத்தத்தை நாள்தோறும் கேட்கப்போகிற கீழ்வீட்டுக்காரர் மட்டும் அந்தத் தேர்வில் இல்லை.

கான்கிரீட் தளம் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுத்துவிடும். காலடி விஷயம் வேறு. அடி நேராகத் தளத்தில் விழுவதால் தளமே அதிர்ந்து, கீழறையின் கூரை முழுவதும் ஒலிக்கிறது. இதை அளக்க வட அமெரிக்காவில் ஐ.ஐ.சி. என்றொரு மதிப்பெண் உண்டு, கூடக்கூட நல்லது. 15 செ.மீ. கான்கிரீட் வெறுமனே கிடந்தால் மதிப்பெண் 30-ஐ ஒட்டித்தான் வரும். மேலே கனமான கார்ப்பெட்டும் அதன் அடியில் மெத்தையும் இருந்தால் 60-ஐத் தாண்டிவிடும். அமெரிக்காவில் பரவலாக நடப்பில் உள்ள கட்டட விதி 50 கேட்கிறது; கனடாவின் தேசியக் கட்டட விதி கார்ப்பெட் போடாத தரைக்கே 55 இருப்பது நல்லது என்கிறது. கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே வைப்பவர்கள் எதைச் சுருட்டுகிறார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லும்.

பதிலுக்குப் பலகையின் அடியில் விரிக்கும் அண்டர்லே வாங்கப் போனால், பொட்டலத்தில் 70, 72 என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை அப்படியே நம்பக் கூடாது. அந்த மதிப்பெண் அண்டர்லேக்கு மட்டும் கிடைத்ததன்று. அதன் கீழிருந்த தளத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது. பல சமயம், தளத்துக்குக் கீழே தொங்குகூரையும் கட்டிச் சோதித்திருப்பார்கள். தொங்குகூரை இல்லாத வீட்டில் அதே விரிப்பு அந்த எண்ணை எட்டாது. கேட்க வேண்டியது ‘டெல்டா ஐ.ஐ.சி.’, வெறும் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் விரிப்பு எத்தனை புள்ளி கூட்டுகிறது என்ற கணக்கு அது. கடைக்காரரிடம் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தத் தளத்தில் சோதித்தார்கள் என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

இன்னொன்றும் உண்டு. சோதனையில் தரையைத் தட்டுவது ஓர் இயந்திரம்: அரைக் கிலோ எடையில் ஐந்து சுத்தியல்கள், 40 மி.மீ. உயரத்திலிருந்து, விநாடிக்குப் பத்து அடி. நாற்காலி இழுபடுவதையும் செருப்புச் சத்தத்தையும் கணிக்க அது போதும். கூடத்தில் தட்டடவு பழகும் பிள்ளையின் பாதம் எழுப்புவது ‘தொம்’ என்ற அடர்ந்த ஓசை. அதன் பெரும்பகுதி 100 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கிறது, ஐ.ஐ.சி. கணக்கோ 100-இல்தான் தொடங்குகிறது. மரச்சட்டத்தில் கட்டிய மாடிகளில் இந்தத் ‘தொம்’தான் பெருந்தொல்லை. மெல்லிய விரிப்பு எதுவும் அதை அடக்காது. கார்ப்பெட்டே அரைகுறையாகத்தான் அடக்கும். அத்தகைய கட்டடங்களில் ஆட்டப் பயிற்சியை வேறிடத்துக்கு மாற்றுவதே முறை.

கான்கிரீட் கட்டடமென்றால் வழி இருக்கிறது. பழைய டயர் ரப்பரில் செய்த கனமான அண்டர்லேயும் தக்கையும் நன்றாக உழைக்கும். மலிவான நுரைத்தாளின் மேல் போட்ட லேமினேட் நடப்பவருக்கே பறை போலக் கேட்கும். கீழே மெத்தை ஒட்டியே வரும் வினைல் பலகைக்கு மேலும் ஒரு மெத்தை போட்டால் இருமடங்கு அமைதி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. பலகை அமுங்கி, பூட்டு இணைப்புகள் முறிவதுதான் மிச்சம்.

பொருளால் கெடுவதை விட ஓரங்களில்தான் வேலை அதிகம் கெடும். பலகை சுவரைத் தொட்டால் அதிர்வு விரிப்பைச் சுற்றிக்கொண்டு சுவர் வழியே இறங்கிவிடும். சுற்றிலும் ஒரு சிறு இடைவெளி விட்டு, அதில் நுரைப்பட்டை வைக்க வேண்டும். சுவரடிப் பலகையைத் தரையோடு அழுத்தி ஆணி அடிக்காமல், ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தூக்கி, இறுகாத பசையால் அடைக்க வேண்டும். டைல்ஸ் பதித்தால் சுவரோரத்தில் சிமென்ட் பால் இறங்காமல் பார்க்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் வேலையாள் தாண்டிப்போவது இந்த இடங்களைத்தான். அதனால் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பது நல்லது.

2022 ஜனவரி 1 முதல், ஒன்டாரியோவின் கொண்டோமினியம் சட்டம் அயலாருக்குத் தொல்லை தரும் மிதமிஞ்சிய சத்தத்தை வெளிப்படையாகவே தடை செய்கிறது; வழக்கு அதற்கென உள்ள தீர்ப்பாயம் வரை போகலாம். தரை மாற்றுமுன் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வாங்கச் சொல்லும் கட்டடங்களும் பல. அனுமதியோடு இன்னொரு வேலையும் செய்யலாம். ஓர் அறையின் மூலையில் கார்ப்பெட்டை விலக்கி, வாங்க நினைக்கும் விரிப்பையும் பலகையையும் சில சதுர அடிக்கு மாதிரியாகப் போட்டு, ஒருவரை அதில் நடக்கவிட்டு, கீழ்வீட்டில் அனுமதி கேட்டு நின்று கேட்பது. அங்கே கேட்பது தாங்கக்கூடியதாக இல்லையென்றால், கூடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, இரவில் நடமாடும் படுக்கையறைகளில் கார்ப்பெட்டை அப்படியே விட்டுவிடலாம்.